ஓவனில் பேக் செய்யும் பாஸ்தா எனக்கு மட்டும் ஏன் வறண்டு போகிறது?

கொத்துக்கறி சாஸும் சீஸும் சேர்த்து ஓவனில் பேக் செய்யும் பாஸ்தா மிக எளிதான இரவு உணவு என்று எல்லோரும் சொல்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் ஒவ்வொரு முறையும் வறண்டு போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை முடிந்து களைத்து வந்து, செய்முறையில் எழுதியிருந்ததை வரி பிசகாமல் செய்துவிட்டு, பரிமாறக் கரண்டியை இறக்கும்போது மொத்தமும் ஒரே கட்டியாகப் பெயர்ந்து வருவதைப் பார்த்தபடி நின்றிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி நின்றிருக்கிறேன். அதுவும் மேசையைச் சுற்றி எட்டுப் பேர் காத்திருந்தபோது.

என் அக்கா குடும்பத்தோடு வந்திருந்த நாள் அது. பென்னே பாஸ்தாவைப் பாக்கெட்டில் குறிப்பிட்டிருந்தபடியே 11 நிமிடம் வேகவைத்தேன். சாஸ் கெட்டியாக இருந்தால்தான் ருசி என்ற நம்பிக்கையில், கரண்டியில் இருந்து விழ மறுக்கும் பதம் வரை அதை வற்றவைத்தேன். பிறகு மேலே சீஸைத் தூவி, எதையும் கொண்டு மூடாமல், 40 நிமிடம் ஓவனில் விட்டுவிட்டேன். வெளியே எடுத்தபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேல் வரிசைப் பாஸ்தா பல்லில் பட்டு முறிந்தது, உள்ளே இருந்தது குழைந்து மாவாகிவிட்டது, சாஸ் எங்கே போனதென்றே தெரியவில்லை. அக்கா எதுவும் சொல்லாமல் தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டாள். அத்தான்தான் வெகுநேரம் மென்ற பிறகு, “சீஸ் நன்றாக இருக்கிறது, மாப்பிள்ளை” என்றார். கடையில் வாங்கிய சீஸை அவர் பாராட்டியது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அன்றைக்கு நான் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான் என்பது பிறகு புரிந்தது. ஓவனுக்குள் போகும்போதே எல்லாம் சரியான பதத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டேன். பாஸ்தா ஓவனிலும் தொடர்ந்து வேகிறது. அப்படி வேகும்போது சுற்றியுள்ள சாஸில் இருக்கும் நீரைக் குடித்துக்கொண்டே போகிறது. போதாததற்கு ஓவனின் சூடு மேற்பரப்பில் இருந்து ஈரத்தை ஆவியாக்குகிறது. ஆகவே உள்ளே போகும் பாஸ்தா அரைவேக்காட்டைச் சற்றே தாண்டியதாகவும், சாஸ் “இது தண்ணீராக இருக்கிறதே” என்று நீங்கள் கவலைப்படும் அளவுக்குத் தளர்வாகவும் இருந்தால்தான், வெளியே வரும்போது இரண்டும் சரியாக இருக்கும்.

நான் இப்போது செய்யும் அளவைச் சொல்கிறேன். 500 கிராம் பாஸ்தா, 500 கிராம் கொத்துக்கறி, 400 கிராம் தக்காளி டின் இரண்டு, 250 கிராம் மொசரெல்லா சீஸ், ஒரு கைப்பிடி துருவிய பார்மெசான் சீஸ். ஆறு பேருக்குத் தாராளமாக வரும். குழல் வடிவப் பாஸ்தாவையே தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் சாஸ் அதன் உள்ளேயும் புகுந்து நிற்கும். லிட்டருக்கு 10 கிராம் உப்பு என்ற கணக்கில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு மூன்று நிமிடம் முன்பாகவே ஒரு துண்டை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக ஒரு வளையம் தெரிந்தால் அதுதான் வடிக்க வேண்டிய தருணம். வடிப்பதற்கு முன்பு ஒரு கோப்பைக் கொதிநீரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; அதில் பாஸ்தாவின் மாவுச்சத்து கலந்திருப்பதால், சாஸைத் தளர்த்தினாலும் நீர்த்துப் போகவிடாது.

கொத்துக்கறியில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். அகலமான பாத்திரத்தை நன்றாகச் சூடாக்கிக் கறியைப் பரப்பியதும் முதலில் அது தண்ணீர் விடும். அப்போது கேட்பது கொதிக்கும் சத்தம். அந்த நீர் முழுவதும் வற்றியதும் சத்தம் மாறி, கொழுப்பில் பொரியும் சடசடப்பு கேட்கத் தொடங்கும். கறியின் நிறமும் மணமும் அதன் பிறகுதான் வருகின்றன. நிறம் மாறி சாம்பலாகிவிட்டது, வெந்துவிட்டது என்று அந்த இடத்திலேயே தக்காளியை ஊற்றிவிட்டால், சாஸ் முழுவதும் வேகவைத்த கறியின் வாடைதான் அடிக்கும். பொரிந்த பிறகு வெங்காயம், பூண்டு, பின்பு தக்காளி சேர்த்து, அரை மணி நேரம் சிறு தீயில் விடுங்கள். மரக்கரண்டியால் பாத்திரத்தின் அடியில் ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோடு உடனே மூடிக்கொள்ள வேண்டும். திறந்தபடியே நின்றால் எடுத்து வைத்த கொதிநீரை ஊற்றித் தளர்த்துங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. “பத்து நிமிடத் தயாரிப்பு” என்று செய்முறைகளில் எழுதுகிறவர்கள் வெங்காயத்தை யார் நறுக்குவதாக நினைக்கிறார்கள்? உண்மையில் இதற்குத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்றரை மணி நேரம் ஆகும். எளிது என்று நான் ஒப்புக்கொள்வது, அதில் பாதிக்கு மேற்பட்ட நேரம் அடுப்பும் ஓவனும் தாமாகவே வேலை செய்வதால்தான்.

ஓவனை 190 டிகிரி செல்சியஸுக்கு முன்கூட்டியே சூடாக்குங்கள். ஒரு கோப்பைச் சாஸைத் தனியே வைத்துக்கொண்டு, மீதியைப் பாஸ்தாவோடும் பாதி மொசரெல்லாவோடும் கலந்து தட்டில் பரப்பிய பின், தனியே வைத்ததை மேலே ஊற்றிப் பாஸ்தாவின் முனைகள் வெளியே நீட்டாதபடி மூடிவிடுங்கள். அதன் மேல் மீதிச் சீஸைத் தூவி, அலுமினியத் தாளால் இறுக மூடி 20 நிமிடம், தாளை எடுத்துவிட்டு 10 முதல் 15 நிமிடம் வைத்தால் போதும். தாளின் உட்பக்கத்தில் எண்ணெய் தடவ மறந்தால் சீஸ் தாளோடு போய்விடும். மொசரெல்லாவைக் கட்டியாக வாங்கி நீங்களே துருவுவது நல்லது. துருவியே விற்கப்படுவதில் ஒட்டாமல் இருப்பதற்காக மாவுச்சத்தோ செல்லுலோஸோ சேர்த்திருப்பார்கள் என்பதால், அது அவ்வளவு வழுவழுப்பாக உருகுவதில்லை. நீரில் மிதக்கவிட்டு விற்கும் மொசரெல்லா இதற்கு வேண்டாம். அது விடும் நீர் மேலே குளமாகத் தேங்கும்.

இதெல்லாம் இத்தாலிய முறையே அல்ல என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை: பாஸ்தாவை ஓவனில் வைப்பதற்கு இத்தாலியிலேயே ‘பாஸ்தா அல் ஃபோர்னோ’ என்று பெயர் உண்டு. அங்கே வெள்ளைச் சாஸும் சேர்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். கேள்வி எளிதான இரவு உணவைப் பற்றியது என்பதால் விட்டுவிட்டேன்.

வெளியே எடுத்ததும் பத்து நிமிடம் தொடாமல் வையுங்கள், அப்போதுதான் சாஸ் இறுகித் துண்டாக எடுக்க வரும். மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டால் மூன்று நாள் தாங்கும். சூடாக்கும்போது இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடிச் சூடாக்குங்கள். கண்ணாடித் தட்டைக் குளிர்பதனப் பெட்டியில் இருந்து எடுத்து நேராகச் சூடான ஓவனுக்குள் வைக்காதீர்கள், விரிசல் விட்டுவிடும்.