எதில் பத்து சதவீதம்?

கேள்வி: ஆறு வருடமாக எழுதி முதல் நாவலை முடித்திருக்கிறேன் அக்கா. ஒரு பதிப்பகம் 10 சதவீத ராயல்டி தருவதாகச் சொல்கிறது. இன்னொன்று, பாதிச் செலவை நான் போட்டால் உடனே அச்சுக்கு அனுப்பலாம் என்கிறது. எதற்குச் சம்மதிப்பது? வேலையை விட்டுவிட்டு முழுநேரம் எழுதலாமா?

பதில்: வேலையை விட்டுவிடாதீர்கள் தம்பி. ஆறு வருடம் விடாமல் எழுதியவருக்கு இதைச் சொல்ல மனசு கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

10 சதவீதம் என்றால், எதில் என்று கேளுங்கள். புத்தகத்தின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். அட்டை விலையில் என்றால் பிரதிக்கு 10. ஒப்பந்தத்தில் 'நிகர வரவில்' என்று இருந்தால், கடைக்காரருக்குக் கொடுக்கும் கழிவு போக மிச்சத்தில்தான் கணக்கு. கழிவு 50 என்றால் உங்கள் கைக்கு வருவது வெறும் 5.

என் முதல் புத்தகத்துக்கு 500 பிரதிக்கான ராயல்டியை முன்பணமாகக் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து விற்பனைக் கணக்கு வந்தது. அச்சடித்தது 1,000, கடைகளுக்குப் போனது 640. அந்த வரியைப் பார்த்ததுமே வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அடுத்த வரி: திரும்பியவை 270. ஆக, விற்றது 370. முன்பணம் கழியவே இன்னும் 130 விற்றாக வேண்டும். திரும்பி வந்த பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். விலைச்சீட்டைப் பிய்த்த இடத்தில் அட்டை உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. இன்றும் அது என் மேஜையில் இருக்கிறது.

இரண்டாவது பதிப்பகம் வேண்டாம். உங்கள் பணத்திலேயே செலவு ஈடாகிவிட்டால், புத்தகத்தை விற்கும் அவசரம் அவர்களுக்கு எதற்கு? சொந்தமாக வெளியிடுவது வேறு, அதில் குறையே இல்லை. மெய்ப்புப் பார்ப்பவர், அட்டை வடிவமைப்பவர், அச்சகம் என்று நீங்களே நேரில் பேசிப் பணம் கொடுப்பீர்கள். உரிமையும் பிரதிகளும் உங்களுடையவை. தேவைக்கேற்ப அச்சிட்டால் ஒரு பிரதிக்கு ஆகும் செலவு கூடும், ஆனால் விற்காத கட்டுகள் வீட்டை அடைக்காது.

முதல் பதிப்பகத்தில் இன்னும் இரண்டு கேளுங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு உரிமைகள் யாரிடம்? பிரதிகள் தீர்ந்தும் மறுபதிப்பு போடாவிட்டால் எத்தனை மாதத்தில் உரிமை உங்களுக்குத் திரும்பும்? வாய்வார்த்தை போதாது. இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லி, வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.