பறவை, விலங்குப் படங்களில் கண்ணில் ஒளிப்புள்ளியை எடிட்டிங்கில் சேர்க்கலாமா?

படம் ஷார்ப்பாக வந்திருக்கிறது, கண் மட்டும் உயிரில்லாமல் கருப்பாகக் கிடக்கிறது, ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்காதீர்கள். நான் ஒரு காகத்தின் படத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன், பெரிதாக்கியதும் பொத்தான் தைத்த மாதிரி இருந்தது. ஏனென்றால் கண்ணின் கார்னியா ஒரு குவி ஆடி. எதிரே இருக்கிற வானம், மரங்கள், தரை எல்லாம் அதில் சுருங்கி வளைந்து தெரியும். மேகமூட்டத்தில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், கண்ணின் மேல்பாதியில் வெளிறிய பிறை ஒன்றும் அதன் கீழ் விளிம்பில் மரங்களின் கரிய கோடும் இருக்கும். நேர் வெயிலில்தான் கூர்மையான சின்னப் புள்ளி. நாம் வரைகிற வட்டம் இரண்டிலும் ஒட்டாது.

அதனால் பெரும்பாலான வேலை எடுக்கும்போதுதான். சூரியன் தாழ்ந்திருக்கும் நேரம், வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம், கேமரா விலங்கின் கண் மட்டத்தில். உச்சி வெயிலில் புருவ நிழல் கண்ணை மூடிவிடும். இதையெல்லாம்விட முக்கியம் தலை திரும்புவது: பக்கவாட்டில் நிற்கிற பறவை உங்கள் பக்கம் ஐந்து, பத்து டிகிரி திரும்பினாலே அணைந்திருந்த கண்ணில் விளக்கேற்றிய மாதிரி ஆகிவிடும். அது எந்த நொடியில் நடக்கும் என்று சொல்ல முடியாது, பர்ஸ்டில் எடுங்கள், அதாவது பட்டனை அழுத்திப் பிடித்துத் தொடர்ச்சியாகப் பல படங்கள். பறவைகளுக்குக் கண்ணின் குறுக்கே ஓடுகிற மூன்றாவது இமை வேறு உண்டு. அது மூடிய ஃப்ரேமில் கண் பால் படிந்த மாதிரி இருக்கும், அதைத் தூக்கிப் போடுவதைத் தவிர வழியில்லை. ஃபிளாஷ் வேண்டாம். இரவில் மான், பூனை இனங்களின் விழித்திரைக்குப் பின்னால் இருக்கிற படலம் ஒளியைத் திருப்பியடித்து, கண் முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாக எரியும்.

சரி, எடிட்டிங். ரா கோப்பில் (கேமரா பதிவு செய்த மூலக் கோப்பு) கண்ணுக்கு மட்டும் ஓரம் மென்மையான மாஸ்க் போட்டு, அதாவது மாற்றம் அந்தப் பகுதியில் மட்டும் விழும்படி தேர்ந்தெடுத்து, எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்சத்தை, கால் ஸ்டாப்பிலிருந்து அரை ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) ஏற்றுங்கள், அதற்கு மேல் போனால் கண்ணாடிக் குண்டு மாதிரி ஆகிவிடும். நடுவில் இருக்கிற கரிய பாவையை மாஸ்க்கில் சேர்க்காதீர்கள், அது சாம்பல் நிறமானால் பார்வையே போய்விடும், சுற்றியுள்ள நிறப்பகுதி போதும். பிறகு படத்தைச் சிறிதாக்கிப் பாருங்கள். முதலில் கண் மட்டும் உறுத்தினால் பாதியாகக் குறையுங்கள். போட்டிக்கு அனுப்புகிற எண்ணம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், பல போட்டிகளில் ரா கோப்பைக் கேட்டு ஒப்பிடுவார்கள்.

உங்கள் படத்தில் முதலில் ஷேடோவை, அதாவது இருண்ட பகுதிகளின் வெளிச்சத்தை, ஏற்றிப் பாருங்கள். மங்கலாக ஒரு துண்டு வானம் அந்தக் கண்ணில் ஒளிந்திருக்கலாம். இருந்தால் சின்ன பிரஷ்ஷால் அதை மட்டும் எடுத்துக் காட்டுங்கள். இல்லையென்றால் அதே பர்ஸ்டில் முன்னும் பின்னும் இருக்கிற ஃப்ரேம்களைத் தேடுங்கள், ஷார்ப்னஸ் ஒரு துளி குறைந்தாலும் கண் விழித்திருக்கிற படத்தையே நான் எடுத்துக்கொள்வேன்.