வெண்கண்டலும் ஆறு மா நிலமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பிச்சாவரம் அலையாத்திக் காட்டைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததில் அஜய் பரிடா என்ற விஞ்ஞானியைப் பற்றி நாலு வரி வந்தது. அலையாத்தி மரத்தின் மரபணுவை எடுத்து நெல்லில் வைத்தவர் என்று. ‘உப்புத் தண்ணீரில் விளையும் நெல்’ என்று நானும் வருஷக்கணக்காகப் பத்திரிகையில் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எங்களுக்கு வேதாரண்யம் பக்கம் ஆறு மா நிலம். கஜா புயலில் கடல் உள்ளே வந்துபோனதிலிருந்து பாதி வயல் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. அந்த நெல் எங்கே? அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது, சரி. எங்களுக்கு ஒரு படி விதை வந்ததா?

இன்னொன்று. என் மகள் தாவரவியல் இரண்டாம் ஆண்டு. கல்லூரியில் பிச்சாவரம் கூட்டிப்போனார்கள். வந்ததிலிருந்து இதில்தான் ஆராய்ச்சி செய்வேன் என்கிறாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை. பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகர், வேதாரண்யம் வட்டம்

*

அன்புள்ள நண்பருக்கு,

விதை வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் ‘உப்புத் தண்ணீரில் விளையும் நெல்’ என்று எழுதியது பத்திரிகை. ஆய்வுக்கட்டுரையில் இருப்பது அதைவிட அடக்கமான சங்கதி.

2008-ல் பரிடாவின் குழு வெளியிட்ட கட்டுரை அது. வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்திலிருந்து ஒரு மரபணுவை எடுத்து பூசா பாஸ்மதி-1 நெல்லில் சேர்த்தார்கள். நாற்றுகளை உப்புக் கரைசலில் எட்டு நாள் வைத்திருந்தார்கள். சாதாரண பாஸ்மதி வாடிவிட்டது, மரபணு சேர்த்தது தாக்குப்பிடித்தது. கரைசலின் உப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். லிட்டருக்கு ஒன்பது கிராமுக்குச் சற்றுக் குறைவு. கடல்நீரில் 35 கிராம் இருக்கும். அதாவது கால்வாசி உப்பு, எட்டு நாள், ஆய்வுக்கூடத்துத் தொட்டியில். இதுதான் தலைப்புச் செய்தியில் கடலையே குடிக்கும் நெல்லாக மாறியது.

அந்த மரபணு உப்பை வெளியே தள்ளுவதும் இல்லை. உப்பு ஏறும்போது செல்லுக்குள் நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் கிளம்பி உள்ளிருப்பதையெல்லாம் அரிக்கும். அதைத் துடைத்தெடுக்கும் நொதி ஒன்றைச் செய்வதுதான் இதன் வேலை. வீட்டுக்குள் வெள்ளம் புகாமல் தடுக்காது, புகுந்த பின் சுவர் ஊறி விழாமல் பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான். ஆனால் வெண்கண்டலிடம் இருப்பது இந்த ஒரு தந்திரம் மட்டுமா?

உங்கள் மகள் பிச்சாவரத்தில் அந்த இலையை நக்கிப் பார்த்தாளா என்று கேளுங்கள். நான் போனபோது படகுக்காரர் துடுப்பை மடியில் வைத்துவிட்டு ஒரு இலையைப் பறித்து நீட்டினார். மேல்பக்கம் பொடி சர்க்கரை தூவியதுபோல மினுமினுப்பு. நாக்கில் வைத்தால் சுத்தமான உப்பு. “கொழம்புக்கு ஒண்ணு போட்டா போதும் சார்” என்றார். வேரிலேயே பெரும்பகுதி உப்பைத் தடுத்துவிட்டு, மீறி உள்ளே வந்ததில் சுமார் 40 சதவீதத்தை இலைச் சுரப்பிகள் வழியாகத் துப்பிவிடுகிற மரம் அது. மிச்சத்தை செல்லுக்குள்ளேயே ஓர் அறையில் போட்டுப் பூட்டிவைக்கும். எத்தனையோ மரபணுக்கள் கூட்டாகச் செய்கிற வேலை இது. ஒன்றை மட்டும் பிய்த்து நெல்லில் வைத்தால் நெல் அலையாத்தி ஆகிவிடாது.

பரிடாவுக்கு இது தெரியாமல் இல்லை. அவருடைய ஆய்வு வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால் புரியும். ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்துக்காரர். டெல்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். அப்போது அவர் பார்த்தது அலையாத்தியை அல்ல, உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு எல்லாம் அடங்கிய விக்னா பேரினத்தை. எந்தச் செடியின் செல்லில் எவ்வளவு டிஎன்ஏ இருக்கிறது என்று அளப்பது. அப்புறம் சென்னை தரமணிக்கு, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தார். கடல்மட்டம் உயர்ந்தால் கரையோர வயலில் எதைப் பயிரிடுவது என்ற கேள்வியைச் சுவாமிநாதன் அப்போதே பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்விக்கு அலையாத்தியிடம் போனவர்களில் ஒருவர் பரிடா.

போனதும் நெல்லைத் தொடவில்லை. முதல் பல வருஷம் எந்த மரம் எதற்கு உறவு என்று பார்ப்பதிலேயே போனது. இந்தப் பகுதியை யாரும் எழுதுவதில்லை. எனக்கு இதுதான் பிடித்தது. பிச்சாவரத்தில் ரைசோபோரா, நம் ஆட்கள் சுரபுன்னை என்பார்கள், அதில் ஒரு கலப்பினம் உண்டு. மற்ற சுரபுன்னை மரங்கள் முருங்கைக்காய்போல நாற்றைக் கிளையிலேயே தொங்கவிட்டு வளர்க்கும்போது, இது பூத்தாலும் காய்ப்பது அபூர்வம். இது வேறெங்கோ சொல்லப்பட்ட கலப்பினம் என்று முதலில் நினைத்தார்கள். ஆனால் அந்தக் கலப்பினத்தின் பெற்றோரில் ஒன்று பிச்சாவரத்தில் இல்லவே இல்லை! அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதிரேசன் 1995-ல் இதற்குப் புதிதாக ‘அண்ணாமலயானா’ என்று பெயர் வைத்தார். இரண்டு வருஷம் கழித்துத் தரமணிக் குழு டிஎன்ஏ எடுத்துப் பார்த்து, பக்கத்திலேயே நிற்கும் அபிகுலேட்டா, மியூக்ரோனேட்டா என்ற இரண்டு சுரபுன்னைகள்தான் பெற்றோர் என்று காட்டியது.

டிஎன்ஏ எடுத்துப் பார்த்து என்று ஒரு வரியில் எழுதிவிட்டேன். அது லேசுப்பட்டதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண் அலையாத்தி இலையில் இதைச் செய்திருக்கிறார். இலையைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து அரைத்தால், கொஞ்ச நேரத்தில் டீ டிகாஷன்போலப் பழுப்பாகிவிடுமாம். இலையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அவ்வளவு. கூடவே சளிபோலக் கொழகொழப்பு. நாலு மாதம் அவருக்கு டிஎன்ஏவே கிடைக்கவில்லை, கிடைத்ததெல்லாம் கோந்து என்றார்.

பெற்றோர் யாரென்று தெரிந்து யாருக்கு என்ன லாபம் என்பீர்கள். காட்டை மறுபடி வளர்ப்பவருக்கு லாபம். பிச்சாவரத்தில் ஒருகாலத்தில் பட்டைபட்டையாக மொத்தமாக வெட்டினார்கள். வெயில் பட்ட சேற்றில் ஈரம் வற்றி மண் தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தில் புகுந்த கடல்நீர் திரும்பிப் போக வழியில்லாமல் காய்ந்து காய்ந்து உப்பு ஏறியது. அப்படிப்பட்ட இடத்தில் எந்த மரபணுவும் உதவாது. சுவாமிநாதன் நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து மீன்முள் வடிவத்தில் கால்வாய் வெட்டி ஓதநீர் வந்து போக வழி செய்த பிறகுதான் கன்று பிடித்தது. அங்கே எந்தத் தாய்மரத்து நாற்றை நடுவது, எத்தனை மரங்களிலிருந்து எடுப்பது என்பதெல்லாம் மரபியல் தெரிந்தவரிடம் கேட்கவேண்டிய கேள்விகள். ஒரே ஏழெட்டு மரத்து நாற்றை ஆயிரம் இடத்தில் நட்டால் பார்க்கக் காடாகத் தெரியும், ஒரு நோய்க்கு நிற்காது.

சரி, பாஸ்மதிக்கு வருவோம். அது ஏன் வயலுக்கு வரவில்லை? வேற்றுச் செடியின் மரபணு சேர்த்த நெல் எதற்கும் இந்தியாவில் சாகுபடி அனுமதி இல்லை. 2002-ல் பிடி பருத்தி வந்தது, விவசாயி வயலில் பரவிய மரபணு மாற்றுப் பயிர் இன்றுவரை அது ஒன்றுதான். அந்தத் தடை சரியா தவறா என்பதில் எனக்கு உறுதியான கருத்து இல்லை. ஆனால் அனுமதி கிடைக்காது என்று தெரிந்தும் ஒவ்வொரு வருஷமும் ‘இதோ வருகிறது’ என்று சொன்னவர்கள்மீது உங்களைப்போலவே எனக்கும் வருத்தம் உண்டு. 2025 மே மாதம், உப்பையும் வறட்சியையும் தாங்கும் என்று மத்திய அரசு அறிவித்த பூசா டிஎஸ்டி ரைஸ் 1 நெல் வேறு வழியில் வந்தது. நெல்லின் சொந்த மரபணு ஒன்றையே திருத்தியது, வெளியிலிருந்து எதையும் சேர்க்கவில்லை.

பரிடா 2017-ல் புவனேஸ்வரத்தில் உயிர் அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராகப் போனார். கொரோனா காலத்தில் அங்கே வைரஸின் மரபணு வரிசையைப் படித்தார்கள். நடுவில் 2021-ல் வெண்கண்டலின் முழு மரபணுத் தொகுதியும் வந்தது. 31 குரோமோசோம், உப்பைத் தாங்க உதவுவதாக ஏற்கெனவே சோதித்து அறிந்த மரபணுக்களை ஒத்தவை 614. 2008-ல் நெல்லில் வைத்தது ஒன்று. மலைப்பாக இல்லை? அந்தக் கட்டுரையை எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்திலிருந்து பரிடாவோடு சேர்ந்து எழுதியவர் மாடசாமி பரணி. 1997-ல் அந்த சுரபுன்னைக் கலப்பினக் கட்டுரையில் முதல் பெயரும் பரணிதான். இரண்டு பேரும் 24 வருஷம் கழித்து அதே சேற்றுக்குத் திரும்பியிருக்கிறார்கள். அடுத்த வருஷம் ஜூலையில் குவாஹாட்டி போயிருந்தபோது பரிடா இறந்தார். வயது 58.

உங்கள் வயல். முதலில் அது உவரா களரா என்று பாருங்கள். எல்லோரும் இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறோம். மண் பரிசோதனையில் மின்கடத்தும் திறன் 4-க்கு மேல் என்றால் உவர், கார அமில நிலை 8.5-க்கு மேல் என்றால் களர். களருக்கு ஜிப்சம் வேலை செய்யும். வெறும் உவருக்கு ஜிப்சம் போடுவது காசைக் கரைப்பது. அதற்கு வடிகால் வெட்டி மழைத்தண்ணீரைத் தேக்கி வடிக்கவேண்டும். கடல்நீர் புகுந்த மண்ணில் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். திருச்சி 1 நெல் களருக்கென்று வந்தது. உவருக்கு உங்கள் பக்கத்துப் பழைய குழியடிச்சான் இருக்கிறதே, விதை வைத்திருப்பவர்கள் நாகை மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு பருவம் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள்.

மகள் விஷயம். பட்டம் முடித்து, முதுகலை, அப்புறம் முனைவர் பட்டம் என்றால் குறைந்தது எட்டு வருஷம். உதவித்தொகை மாதாமாதம் ஒழுங்காக வராது. இதை ஒளிக்காமல் சொல்லுங்கள். சொன்ன பிறகும் போகிறேன் என்றால் விடுங்கள். அதுவரை ஒரு வேலை கொடுங்கள். மண் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பதை அவளிடம் விடுங்கள். வெள்ளை பூத்த இடத்தில் தனியாக, நல்ல இடத்தில் தனியாக, மேல்மண்ணைச் சுரண்டாமல் ஒரு சாண் ஆழம்வரை எடுக்கச் சொல்லுங்கள். முடிவு வந்ததும் எண்களை அப்படியே எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.