சோடியம் நிறமாலையிலிருந்து கணக்கிட்ட ஆற்றல் மட்டங்கள் புத்தக மதிப்போடு பொருந்தவில்லை. என்ன செய்வது?

அளந்து எழுதிய கோணத்தைத் திருத்தாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்டிருக்கும் தொனியைப் பார்த்தால், பதிவேட்டை நாளைக் காலை கொடுக்க வேண்டும், அழிப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று தோன்றுகிறது. நானும் ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தவன்தான்.

அலைநீளங்கள் சரியாக வருகின்றன, அயனியாக்க ஆற்றல் (அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றல்) மட்டும் 5.14 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு வரவில்லை என்கிறீர்கள். அப்படியானால் கருவியின் மேல் பழி போட வழியில்லை. எந்தக் கோடு எந்த வரிசையைச் சேர்ந்தது என்பதில்தான் ஆள் மாறியிருக்கிறது. ஒரே வகை மட்டங்களிலிருந்து எலக்ட்ரான் ஒரே கீழ் மட்டத்துக்கு இறங்கும்போது வரும் கோடுகளைத்தான் ஒரு வரிசை என்கிறோம். எனக்கும் அதுதான் நடந்தது.

எங்கள் ஆய்வகத்தில் மில்லிமீட்டருக்கு 600 கோடுகள் கொண்ட கீற்றணி, அதாவது ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கண்ணாடித் தகடு. ஒவ்வொரு நிறமும் பல கோணங்களில் மீண்டும் மீண்டும் வரும், அவற்றைத்தான் முதல் படி, இரண்டாம் படி என்கிறோம். சோடியத்தின் மஞ்சள் கோடு இரண்டாம் படியில் ஏறக்குறைய 45 டிகிரியில் வந்து நிற்கும். 589.0, 589.6 நானோமீட்டர் என்ற இரட்டை, முதல் படியில் ஒட்டிக்கொண்டு தெரியும். இரண்டாம் படியில் மூன்றரை நிமிட இடைவெளியில் விலகி நிற்கும் (இங்கே நிமிடம் என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு). கோணமானியின் நுண் அளவுகோலான வெர்னியர் ஒரு நிமிடம் வரை காட்டும். அன்று முழுக்க ஒற்றைக் கண்ணை மூடியபடி இருந்ததில், வெளியே வந்தபோது உலகமே கொஞ்சம் தட்டையாகத் தெரிந்தது.

மஞ்சளைத் தவிர நான் குறித்துக்கொண்டவை மூன்று: 616 அருகே ஒரு செம்மஞ்சள், 568.8இல் மஞ்சள் கலந்த பச்சை, 515.3இல் பச்சை. 498இல் ஒரு நீலப்பச்சையும் இருந்தது. மங்கலாக இருந்ததால் விட்டுவிட்டேன், சோம்பல்தான். செம்மஞ்சளைக் கணக்கில் சேர்க்காமல் நானே அடித்துவிட்டேன். காரணம் இருந்தது. விளக்கைப் போட்டவுடன் அது மஞ்சளாக எரியாது. முதல் சில நிமிடங்கள் சிவப்பாகத்தான் எரியும். பற்றவைப்பதற்காக உள்ளே நியான் அடைத்திருக்கிறார்கள், சோடியம் சூடேறி ஆவியாகும் வரை ஒளிர்வது அந்த நியான்தான். அட்டவணையைப் புரட்டினால் நியானுக்கு 616.4இல் ஒரு கோடு. "கண்டுபிடித்துவிட்டேன்" என்று பென்சிலால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் "நியான்" என்று எழுதினேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு.

மிஞ்சிய 568.8, 515.3 இரண்டையும் ஒரே வரிசையின் அடுத்தடுத்த கோடுகள் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டும் பச்சைக் குடும்பம் போல இருந்தன, அவ்வளவுதான் என் ஆதாரம்.

கணக்கு எப்படிப் போகிறது என்றால்: சோடியத்தில் வெளியே ஒற்றை எலக்ட்ரான். ஒரு மட்டத்திலிருந்து அதைப் பிரித்தெடுக்க வேண்டிய ஆற்றல், ஹைட்ரஜனைப் போலவே 13.606 எலக்ட்ரான் வோல்ட்டை ஓர் எண்ணின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும். ஆனால் அந்த எண் முழு எண் அல்ல. உள்ளேயிருக்கும் பத்து எலக்ட்ரான்களின் திரைக்குள் வெளி எலக்ட்ரான் அடிக்கடி நுழைந்துவிடுவதால் முழு எண்ணிலிருந்து கொஞ்சம் குறையும். அதைத்தான் குவாண்டம் குறைபாடு என்கிறோம். மட்டங்களை எஸ், பி, டி என்று வகை பிரிப்பார்கள். எஸ் மட்டங்களுக்கு அது சுமார் 1.35, டி மட்டங்களுக்கு வெறும் 0.01. ஒரே வரிசையின் அடுத்தடுத்த இரண்டு கோடுகள் கிடைத்தால், அவற்றின் ஆற்றல் வேறுபாட்டிலிருந்து குறைபாடு வந்துவிடும். அதிலிருந்து, அந்தக் கோடுகள் வந்து முடியும் 3பி மட்டம். அதோடு மஞ்சள் கோட்டின் 2.104ஐக் கூட்டினால் அடிமட்டமான 3எஸ். எலக்ட்ரானைப் பிடுங்கி எறியாமலேயே, பிடுங்குவதற்கு எவ்வளவு ஆகும் என்று ஒரு விளக்கையும் கோணமானியையும் வைத்துச் சொல்லிவிடலாம். எனக்கு இன்றும் இது வியப்புதான்.

எனக்கு வந்த விடை 4.97. குறைபாடு 0.53 என்று வந்தது. எஸ்ஸும் இல்லை, டியும் இல்லை, அப்படி ஒரு பிராணியே சோடியத்தில் கிடையாது. அப்போதே விழித்திருக்க வேண்டும். மூன்று முறை கூட்டிக் கழித்துப் பார்த்தேன், கூட்டலில் தவறில்லை, அப்படியே கொடுத்துவிட்டேன்.

பக்கத்து மேசையில் இருந்தவர் 5.14 என்று எழுதினார். அவர் 515 கோட்டைப் பார்க்கவே இல்லை, நான் சாட்சி. விடையிலிருந்து பின்னோக்கி வந்து கோணங்களை நிரப்பினார், இயல்பாக இருக்கட்டும் என்று இரண்டு இடங்களில் ஒரு நிமிடம் கூட்டிக் குறைத்தும் வைத்தார். அவருக்கு முழு மதிப்பெண். எனக்குச் சிவப்பு மையில் ஒரு வட்டம், "மீண்டும் செய்க" என்று ஒரு வரி. எங்கே தவறு என்று சொல்ல ஆளில்லை. படத்துக்கு நிழல் தீட்டவில்லை என்பதற்கும் தனியாகக் குறைத்திருந்தார்கள். நிறமாலைமானியை அளந்து நிழல் தீட்டி வரைவதற்கு நான் செலவழித்த மாலைகளை எண்ணினால் இன்னொரு பட்டமே வாங்கியிருக்கலாம். அந்தப் படத்தைப் பார்த்து யாராவது ஒரு கருவியைப் பூட்டியிருக்கிறார்களா? சரி, விடுங்கள்.

ஆசிரியர்களைத் திட்டுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அறுபது பதிவேடுகளை ஒரே இரவில் திருத்துகிறவர் கடைசி வரியைத்தான் பார்ப்பார், எனக்கும் அது தெரியும். காற்றில் அளந்த அலைநீளத்தை வெற்றிடத்துக்கு மாற்றவில்லையே என்று கேட்கப்போகிறவர்களுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: 589இல் அது 0.16 நானோமீட்டர் மட்டுமே, ஆற்றலில் மூன்றாவது தசமத்தைத்தான் தொடும். 5.14க்கும் 4.97க்கும் உள்ள பள்ளத்தை அது நிரப்பாது.

தவறு பிடிபட்டது பல ஆண்டுகள் கழித்து, பழைய குறிப்பேடு கையில் சிக்கியபோது. அடித்த அந்த வரியில் ஒரு கோணம் இல்லை, இரண்டு கோணங்கள் இருந்தன. நான்கு நிமிட இடைவெளி. 615.4, 616.1. அது இரட்டைக் கோடு! நியானின் 616.4 தனிக் கோடு. சோடியத்தில் 3பி மட்டமே இரண்டாகப் பிளந்திருப்பதால், அங்கே வந்து முடியும் கோடுகளெல்லாம் இரட்டையாகத்தான் வரும். ஒவ்வொரு இரட்டையிலும் ஆற்றல் இடைவெளி அதே 0.002 எலக்ட்ரான் வோல்ட், மஞ்சளில் இருப்பதேதான். ஊரறிந்த அங்க அடையாளம். அதைக் கையாலேயே எழுதிவைத்துவிட்டு, பெயரை மட்டும் மாற்றி எழுதியிருக்கிறேன்.

616.1ஐயும் 515.3ஐயும் ஜோடி சேர்த்தேன். குறைபாடு 1.35, 3பி மட்டம் 3.035, அடிமட்டம் 5.14. 568.8 டி வரிசையைச் சேர்ந்தது. அதற்கு ஜோடி, சோம்பலில் விட்ட 498.

ஆகவே இன்று இரவு ஒன்றே ஒன்று செய்யுங்கள். மஞ்சளைத் தவிர, உங்கள் ஒவ்வொரு கோட்டின் ஆற்றலையும் 3.035இலிருந்து கழித்து, 13.606ஐ அந்த மீதியால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். 3.65, 4.65 என்று வருபவை ஒரு குடும்பம். 3.99, 4.99 என்று வருபவை இன்னொன்று. புத்தக மதிப்பை உள்ளே விட்டுப் பார்ப்பது ஆள் அடையாளம் காண மட்டும்தான். அடையாளம் தெரிந்த பிறகு உங்கள் அளவீடுகளை மட்டும் வைத்து முதலிலிருந்து கணக்கிடுங்கள்.

விளக்கை நன்றாகச் சூடேற விட்டு இன்னொரு முறை பார்க்க முடிந்தால் நல்லது. அதற்குள் நியான் கோடுகள் மங்கிவிடும். அதற்கு முன் குறிப்பேட்டில் நீங்கள் அடித்துவைத்த கோடு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கோணத்தைக் கீழே எழுதுங்கள், நானும் கணக்கிட்டுப் பார்க்கிறேன்.