தகரக் கவசமும் தலைமைக் குருவின் உடையும்

கேள்வி: எங்கள் பங்கில் தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளை நடித்துக்காட்டும் பாஸ்கு நாடகம் நடத்துகிறோம். தகரப் பட்டைகளை வளைத்து ரோமப் படைவீரர்களுக்குக் கவசம் செய்வது வழக்கம். ரோமானியரைப் போல உடுத்தி அணிவகுக்கும் குழுக்களை ஐரோப்பாவில் பார்த்துவந்த இளைஞர் ஒருவர், எங்கள் உடைகள் அனைத்தும் பிழை என்கிறார். எதை மாற்ற வேண்டும்? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: அவர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. பட்டைத் தகட்டுக் கவசம் இயேசுவின் காலத்தில் இருந்ததுதான், கி.பி. 9இல் ஜெர்மானியரிடம் ரோமப் படை அழிந்த களமாகக் கருதப்படும் கால்க்ரீசவில் அதன் துண்டுகள் கிடைத்துள்ளன. ஆனால் அதைப் பெரிதும் அணிந்தவர்கள் லீஜியன் எனப்பட்ட முதன்மைப் படையணியினர். பிலாத்து யூதேயாவை ஆண்ட கி.பி. 26 முதல் 36 வரையிலான ஆண்டுகளில் அங்கே எந்த லீஜியனும் நிலைகொண்டிருக்கவில்லை. அவை சிரியாவில் இருந்தன. பிலாத்தின் கீழ் இருந்தவர்கள் செபஸ்தே, செசரியா வட்டாரங்களில் திரட்டப்பட்ட துணைப்படையினர் என்பதால், இரும்பு வளையங்களைக் கோத்த சங்கிலிக் கவசமே அவர்களுக்குப் பொருந்தும். தடித்த கம்பளி நூலில் சட்டை பின்னி, அதன்மேல் வெள்ளிச் சாயம் பூசினால் மேடை விளக்கில் சங்கிலிக் கவசமாகவே தெரியும். தகரத்தைவிடச் செலவும் குறைவு, நடிப்பவரின் கையையும் கிழிக்காது.

செலவே இல்லாத திருத்தம் ஒன்றும் உண்டு. கையை நேராக நீட்டி வணக்கம் செலுத்தும் வழக்கம் ரோமப் படையில் இருந்ததற்குத் தெளிவான பழஞ்சான்று இல்லை. பிரெஞ்சு ஓவியர் டேவிட் 1784இல் தீட்டிய ஓர் ஓவியத்திலிருந்து நாடக மேடைக்கும், பிறகு திரைப்படத்துக்கும், அங்கிருந்து பாசிசக் கட்சிகளுக்கும் பரவிய சைகை அது. அதை உடனே நீக்கிவிடுங்கள். ஏளனம் செய்யப்படும் காட்சியில் இயேசுவுக்குப் போர்த்தும் ஆடையை மாற்கும் யோவானும் செந்நீல நிறமென்றும், மத்தேயு கருஞ்சிவப்பு என்றும் எழுதுகிறார்கள். அது கையருகே கிடந்த படைவீரன் ஒருவனின் போர்வையாகவே இருந்திருக்கும் என்பது என் கருத்து. ஆகவே பளபளக்கும் வெல்வெட்டைத் தவிர்த்து, சாயம் போன பழைய போர்வையைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ரோமானியரைப் போல உடுத்தும் அந்தக் குழுக்கள் செய்வது ஆய்வா, பொழுதுபோக்கா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: இரண்டும்தான். 1964இல் வட இங்கிலாந்தின் கோர்பிரிட்ஜில் ஒரு பெட்டியில் புதைந்துகிடந்த கவசப் பகுதிகள் கிடைத்த பின்னரே, தகடுகள் எந்த வாரில் எப்படித் தொங்கின என்பது தெளிவாகத் தொடங்கியது. 1985இல் மார்கஸ் யுங்கல்மான் என்ற ஜெர்மானிய வரலாற்றாசிரியர் ஒரு சிறு குழுவுடன் ரோமானிய உடையும் சுமையும் தாங்கி, வெரோனாவிலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ஆக்ஸ்பர்க் வரை நடந்தார். ஆணியடித்த காலணியும் முதுகுச் சுமையும் நாள் முழுதும் உடலை என்ன செய்கின்றன என்பதை நடந்து பார்த்தே அறிய முடியும்.

கேள்வி: ஜெர்மனியின் ஓபரம்மர்காவ் திருப்பாடுகள் நாடகத்தை முன்மாதிரியாகக் கொள்ளலாமா? (வாசகர், மன்னார்)

பதில்: அதன் பழைய பிழையையும் சேர்த்துக் கற்றுக்கொள்வதானால் கொள்ளலாம். 1633இல் கொள்ளைநோய்க்கு அஞ்சி அவ்வூரார் செய்த நேர்த்தியின்படி 1634இல் தொடங்கிய நாடகம் அது. பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 2020இல் நடக்கவேண்டியது கொரோனாவால் 2022க்குத் தள்ளிப்போயிற்று. முந்தைய ஆண்டின் திருநீற்றுப் புதன் முதல் நடிகர்கள் முடியும் தாடியும் வளர்ப்பார்கள். ரோமானியர் மழித்த முகத்தினர் என்பதால் அவர்களாக நடிப்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

தாடியில் காட்டிய இந்தக் கவனம் நெடுங்காலம் மனிதர்களைச் சித்திரிப்பதில் இல்லை என்பதே என் மனத்தை உறுத்துவது. யூதக் கூட்டம் இரத்த வெறியுடன் கூச்சலிட, பிலாத்து மனமிரங்கித் தவிக்கும் நல்லவராக நின்றார். 1934இல் அந்த நாடகத்தைப் பார்த்த ஹிட்லர், பிற்பாடு அந்தப் பிலாத்தைப் புகழ்ந்து பேசினார். இயேசுவின் பாடுகளுக்கு யூதர் அனைவர்மீதும் பழி சுமத்தலாகாது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்த பின்னரும் மாற்றம் மெதுவாகவே வந்தது. 1990 முதல் இயக்கிவரும் கிறிஸ்தியான் ஸ்ட்யூக்கல்தான் நாடகத்தை ஆழமாகத் திருத்தினார். “இவனுடைய இரத்தப்பழி எங்கள் மேலும்” என்று கூட்டம் கத்தும் வசனம் இப்போது அங்கே ஒலிப்பதில்லை.

வரலாற்றுப் பிலாத்து இரக்கமுள்ளவர் அல்லர். அவர் காலத்திலேயே வாழ்ந்த யூத மெய்யியலாளர் ஃபைலோ அவரைக் கொடியவர் என்கிறார். சமாரியர்களைக் கொன்றதற்காகவே அவர் பதவியிழந்தார் என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதுகிறார். 1961இல் செசரியாவில் கிடைத்த கல்வெட்டு அவரைப் ‘பிரிஃபெக்ட்’ என்ற படைத்துறைப் பதவிப் பெயரால் குறிக்கிறது. யூதர்களின் தலைமைக் குருவான கயபாவோ ரோம ஆளுநரால் அமர்த்தப்பட்டவர். அவர் திருவிழாவில் அணியவேண்டிய புனித உடைகூட எருசலேம் ஆலயத்தை ஒட்டிய அந்தோனியாக் கோட்டையில் ரோமானியரின் காவலில் இருந்தது; பெருவிழாக்களுக்கு முன்புதான் எடுத்துக் கொடுக்கப்பட்டது. உங்கள் நாடகத்தின் தொடக்கத்தில், துணைப்படை வீரன் ஒருவன் அந்த உடையைக் கோட்டையிலிருந்து கொண்டுவந்து குருக்களிடம் ஒப்படைக்கும் காட்சியை வசனமின்றி வைத்துப் பாருங்கள். கயபாவின் கைகள் எவ்வளவு கட்டுண்டவை என்பதை, பிலாத்து மேடைக்கு வருமுன்பே பார்ப்பவர்கள் அறிந்துகொள்வார்கள்.