லிஃப்ட்டை மாற்றச் சொல்கிறார்களா? முதலில் இரவில் மீட்டரைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் எட்டு மாடிக் குடியிருப்பில் 2 லிஃப்ட்கள் இருக்கின்றன. இரண்டும் 20 வருடப் பழசு. ‘ரீஜெனரேட்டிவ் டிரைவ்’ (லிஃப்ட் ஓடும்போது மோட்டார் உண்டாக்கும் மின்சாரத்தை வீணாக்காமல் திருப்பித் தரும் கருவி) பொருத்தினால் 70 சதவீத மின்சாரம் மிச்சமாகும், சுற்றுச்சூழலுக்கும் நல்லது என்கிறார் ஒரு ஏஜென்ட். அது வேண்டாமென்றால் இரண்டையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடச் சொல்கிறார். எதைச் செய்வது?

பதில்: இப்போதைக்கு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். எதில் 70 சதவீதம் என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வது லிஃப்ட் ஓடும்போது மோட்டார் இழுக்கும் மின்சாரத்தை மட்டும். குடியிருப்பு லிஃப்ட் நாளின் பெரும்பகுதி சும்மாதான் நிற்கும். அப்படி நிற்கும்போதும் அது மின்சாரம் தின்கிறது.

ஒரு லிஃப்ட்டுக்குத் தோராயக் கணக்கு. நாளொன்றுக்கு 150 ஓட்டம், ஒவ்வொன்றும் 20 விநாடி என்றால் மொத்தமே 50 நிமிடம். சராசரியாக 2.5 கிலோவாட் இழுத்தாலும் 2 யூனிட்தான் ஆகும். நிற்கும்போது என்ன ஆகிறது? கூண்டுக்குள் 36 வாட் குழல் விளக்கு நான்கு, 40 வாட் மின்விசிறி ஒன்று, கன்ட்ரோலருக்கு 80 வாட். ஆக 264 வாட், 24 மணி நேரத்துக்கு 6.3 யூனிட். ஓடுவதைப் போல மூன்று மடங்கு! ஏஜென்ட் விற்கும் கருவி இந்த 6.3-இல் ஒரு துளியையும் குறைக்காது.

கருவியின் தத்துவத்தில் குறை இல்லை. கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடை என்பது கூண்டின் எடையும், அது ஏற்றக்கூடிய சுமையில் ஏறக்குறைய பாதியும் சேர்ந்தது. எனவே கூண்டு காலியாக மேலே போகும்போதும் நிரம்பிக் கீழே வரும்போதும் மோட்டார் ஜெனரேட்டராகிவிடும். சாதாரண டிரைவில் அந்த மின்சாரம் ரெசிஸ்டரில் சூடாகி வீணாகும். ரீஜென் அதைக் கட்டிடத்துக்கே திருப்பி அனுப்பும். நாள் முழுக்க ஓடும் உயரமான அலுவலகக் கோபுரத்துக்கு அருமையான பொருள். உங்களுடைய 2 யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு திரும்பி வந்தாலும் 0.7 யூனிட்தான். அதற்கும் பெரும்பாலும் வழியில்லை. மெஷின் ரூமில் மோட்டாருக்கும் கயிறு ஓடும் சக்கரத்துக்கும் நடுவே எண்ணெய் ஊற்றிய கியர் பெட்டி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பெரும்பாலும் வோர்ம் கியராகத்தான் (திருகு போன்ற தண்டு பல்சக்கரத்தைச் சுழற்றும் கியர்) இருக்கும். சக்கரத்திலிருந்து மோட்டாருக்குத் திரும்பி வரும் விசையில் பெரும்பகுதியை அந்தக் கியரே உராய்வில் தின்றுவிடும். இப்படிப்பட்ட பழைய மெஷினுக்கு ரீஜென் விற்பவர் விவரம் தெரியாதவர், அல்லது தெரிந்தே விற்பவர்.

இன்னொன்று. கரன்ட் போனால் உங்கள் லிஃப்ட் டீசல் ஜெனரேட்டரில் ஓடுமா? ரீஜென் திருப்பி அனுப்பும் மின்சாரத்தைக் கட்டிடத்தில் வேறு ஏதாவது அந்தக் கணமே இழுத்துக்கொள்ள வேண்டும். ஜெனரேட்டரில் லிஃப்ட்டும் நாலு விளக்கும் மட்டும் இருந்தால் அதற்குப் போக்கிடம் இல்லை. மின்னழுத்தம் ஏறும், டிரைவ் டிரிப் ஆகும், நிரம்பிய கூண்டு இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கும். சில இடங்களில் ஜெனரேட்டரே தலைகீழ் மின்சாரம் என்று நின்றுவிடும். எனவே என்றைக்காவது ரீஜென் போட்டாலும் பழைய ரெசிஸ்டரைக் கழற்ற விடாதீர்கள். ஜெனரேட்டருக்கு மாறியதும் ரீஜென் அணைந்து ரெசிஸ்டர் வேலைக்கு வரும்படி ஒரு சிக்னல் ஒயர் இழுத்தாக வேண்டும். மதிப்பீட்டில் இந்த ஒயரைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா பாருங்கள்.

செய்ய வேண்டியது இது. லிஃப்ட்டின் மூன்று பேஸ் இணைப்பில் ஒரு துணை மீட்டர் போட்டு ஏழு நாள் அளவெடுங்கள். கூண்டின் விளக்கும் விசிறியும் பெரும்பாலும் தனி ஒற்றைப் பேஸ் இணைப்பில் இருக்கும். அதை விட்டுவிட்டால் கணக்கே தப்பு, அதற்கும் மீட்டர் வையுங்கள். யாரும் ஏறாத ஓர் இரவு ஒரு மணி நேரம் லிஃப்ட்டை நிறுத்தி வைத்து அளந்தால் சும்மா நிற்கும் செலவு தெரிந்துவிடும். பிறகு குழல் விளக்கை எடுத்துவிட்டு 9 வாட் எல்இடி நான்கு போடுங்கள். கதவு மூடி நின்ற சில நிமிடங்களில் விளக்கும் விசிறியும் அணையும்படி டைமர் வைக்கச் சொல்லுங்கள். அவசர விளக்கையும் அலாரத்தையும் யாரும் தொடக்கூடாது. என் கணக்குப்படி ஒரு லிஃப்ட்டுக்கு நாளுக்கு 4 யூனிட் இதிலேயே குறையும்.

கூண்டுக்குள் கிரானைட் போட்டிருக்கிறீர்களா? 1.1 க்கு 1.4 மீட்டர் தரையில் 20 மில்லிமீட்டர் கல் 80 கிலோவுக்கு மேல் வரும். எதிர் எடையோடு சமநிலை கெட்டு மோட்டார் வீணாகத் திணறும். சோதனை எளிது: எதிர் எடை அமைக்கப்பட்ட அளவு (40 முதல் 50 சதவீதம்) சுமை ஏற்றி, கூண்டு நடு மாடியைக் கடக்கும்போது ஏற்றத்திலும் இறக்கத்திலும் கிளாம்ப் மீட்டரில் (ஒயரைச் சுற்றிப் பிடித்து அளக்கும் கருவி) கரன்ட் பார்க்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஏற்றத்தில் அதிகமென்றால் கூண்டு கனம். கல்லை எடுத்துவிட்டு வினைல் ஒட்டுங்கள். எதிர் எடையில் இரும்பு சேர்ப்பது தீர்வல்ல. கயிறும் பிரேக்கும் பாதுகாப்புப் பிடிப்பானும் பழைய கனத்துக்குத்தான் கணக்கிடப்பட்டவை.

மெஷின் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் கியர்லெஸ் மெஷின், கன்ட்ரோலர், கதவு மோட்டார் மூன்றை மட்டும் மாற்றுங்கள். வழிகாட்டித் தண்டவாளமும் கூண்டுச் சட்டமும் எதிர் எடையும் பரிசோதனையில் தேறினால் இருக்கட்டும். நல்ல எஃகைக் கழற்றிப் போட்டுவிட்டு அதைப் பசுமை என்று சொல்வதைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. பாதுகாப்புச் சோதனைக்கு வருபவர் பிரேக்கைப் பார்ப்பார், கதவைப் பார்ப்பார். எத்தனை யூனிட் தின்கிறது என்று கேட்க மாட்டார். லிஃப்ட்டை வாங்குபவர் கட்டுநர், கரன்ட் பில் கட்டுபவர் நீங்கள். இதில் யாருக்கு அக்கறை வரும்?

மதிப்பீட்டைச் சதவீதத்தில் வாங்காதீர்கள். லிஃப்ட்டின் மின்சாரச் செலவைக் கணக்கிடும் சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 25745-2-இன்படி ஆண்டுக்கு எத்தனை யூனிட், எந்தப் பயன்பாட்டு வகைக்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நாளுக்கு 75 முதல் 200 ஓட்டம் என்றால் வகை 2. வகை 5-க்கு, அதாவது ஆயிரம் ஓட்டத்துக்கு மேல், கணக்குப் போட்டுக் காட்டி ஏமாற்றுவது வழக்கம்.

கன்ட்ரோலர் பாஸ்வேர்டு பூட்டு இல்லாததாக, எந்த நிறுவனமும் பழுது பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். பூட்டிய கன்ட்ரோலருக்கு உதிரி நின்றுபோனால் ஒரு சின்ன போர்டுக்காக முழுப் பெட்டியும் குப்பைக்குப் போகும். ‘பழையதை இலவசமாக எடுத்துக்கொள்கிறோம்’ என்ற வரியை அடித்துவிடுங்கள். கழற்றும் கயிறு, மெஷின், மோட்டாரின் செம்பு எல்லாம் காசு. எடை போட்ட சீட்டைக் கொடுத்து, அந்தத் தொகையை பில்லில் கழித்தால்தான் கடைசித் தவணை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.