பல்லுக்குக் கிளிப் போட்டவர்கள் கேட்டவை

கிளிப் குத்துகிறது டாக்டர். என்ன செய்ய? (மதுரை)

எந்த இடம், எத்தனை நாளாக, மேல் வரிசையா கீழ் வரிசையா? ஒன்றையும் எழுதாமல் கேட்டால் ஊகித்துத்தான் சொல்ல முடியும். பெரும்பாலும் கடைவாய்ப் பக்கம் கம்பியின் நுனிதான் கன்னத்தைக் குத்தும். முன்னால் இடைவெளி மூட மூட, மிச்சக் கம்பி பின்பக்கம் நீண்டு வரும். அந்த இடத்தைப் பஞ்சால் ஈரம் போகத் துடையுங்கள். கிளிப்புக்கென்றே இருக்கும் மெழுகைப் பட்டாணி அளவு எடுத்து உருட்டி, நுனி மேல் அழுத்தி வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் மெழுகு நிற்காது. தவறி விழுங்கினாலும் பயமில்லை. பிராக்கெட்டைக் (ஒவ்வொரு பல்லிலும் ஒட்டியிருக்கும் சின்னத் துண்டு) கட்டியிருக்கும் மெல்லிய கம்பி குத்தினால், பென்சில் ரப்பர் முனையால் மெதுவாக உள்ளே மடக்கலாம். புண்ணுக்கு வெதுவெதுப்பான உப்பு நீர், ஒரு தம்ளருக்கு அரை ஸ்பூன். நகவெட்டியை எடுக்காதீர்கள், வெட்டிய துண்டு தொண்டைக்குள் போகலாம். டாக்டருக்கு போன் போடுங்கள், அவர் 5 நிமிடத்தில் வெட்டிவிடுவார்.

பிராக்கெட் பல்லை விட்டு வந்து கம்பியிலேயே சுற்றுகிறது. அடுத்த அப்பாயின்ட்மென்ட் 3 வாரம் கழித்து. அதுவரை பசை போட்டு ஒட்டலாமா? (ஈரோடு)

கூடாது. வீட்டுப் பசை வாய்க்கானது அல்ல. ஈறு வெந்துவிடும், கோணலாக ஒட்டினால் பல்லும் கோணலாகத்தான் போகும். மெழுகு வைத்து அசையாமல் நிறுத்துங்கள். கையோடு வந்துவிட்டால் ஒரு சின்ன டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். 3 வாரம் காத்திருக்க வேண்டாம், இன்றே போன் போடுங்கள்.

பொங்கலுக்குக் கரும்பு கடிக்கலாமா?

வேண்டாம். சாறாகக் குடித்துவிட்டு உடனே வாய் கொப்பளியுங்கள். முறுக்கு, சீடை, தட்டைக்கும் இதே பதில்.

கிளிப்பில் இருக்கும் குட்டி ரப்பர் வளையம் மஞ்சளாகிவிட்டது. (தஞ்சாவூர்)

சாம்பார் மஞ்சள். தேய்த்தாலும் போகாது, கெடுதலும் இல்லை. அடுத்த முறை மாற்றிவிடுவார்கள். கண்ணாடி நிற வளையத்தை விட்டுவிட்டு அடர்ந்த நிறமாகக் கேளுங்கள்.

கிளிப்பைக் கழற்றி ஒரு வருடம் ஆகிறது. முன்பல் இரண்டுக்கும் நடுவே மறுபடி இடைவெளி. சாதாரண ரப்பர் பேண்டு மாட்டினால் சேர்ந்துவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். இரண்டு நாளாகப் போட்டிருக்கிறேன். (சேலம்)

இதைப் படித்தவுடன் கழற்றுங்கள். முழுதாக வந்ததா என்று பாருங்கள். அறுந்து வந்தாலோ, போட்டது காணவில்லை என்றாலோ "விழுந்திருக்கும்" என்று விட்டுவிடாமல் அன்றைக்கே பல் டாக்டரிடம் போங்கள். இந்தக் கேள்வி எத்தனை முறை வந்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பல் அடியில் குறுகிக்கொண்டே போகும். அதனால் பேண்டு ஈறுக்குள் வழுக்கி, வேரை நோக்கி ஏறிவிடும். வெளியே தெரியாது, எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் தெரியாது. உள்ளே போகிற வழியில் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பைக் கரைக்கும். ஈறு வீங்கும், சீழ் வரும், பல் ஆடும். ஒரு கறையும் இல்லாத, சொத்தையே வராத இரண்டு முன்பற்களைக் கடைசியில் பிடுங்க வேண்டியதாகப் போகலாம். வீடியோ எடுத்தவர் அப்போது வந்து பல் கட்டித் தரப் போவதில்லை. நாங்கள் போடும் எலாஸ்டிக் பிராக்கெட் கொக்கியில் மாட்டுவது, ஈறுக்குள் நழுவ வழியில்லை. உங்கள் இடைவெளிக்குக் காரணம் ரீடெய்னரை (கிளிப்பைக் கழற்றிய பின் பல் நகராமல் இருக்க மாட்டுவது) ஒழுங்காகப் போடாததாக இருக்கலாம். சின்ன இடைவெளி என்றால் சில மாதத்தில் சரிசெய்துவிடலாம், அதையும் டாக்டர்தான் செய்ய வேண்டும்.

கம்பி முறுக்கியதிலிருந்து சாப்பிடவே முடியவில்லை.

இரண்டு, மூன்று நாள் இப்படித்தான் இருக்கும். தயிர் சாதம், குழைந்த இட்லி, கஞ்சி. தேவைப்பட்டால் பாராசிட்டமால். கிராம்புத் தைலத்தை அப்படியே ஈறில் தடவாதீர்கள், எரிந்து புண்ணாகும். ஒரு வாரமாகியும் குறையவில்லை என்றால் போன் போடுங்கள்.

மகன் சாப்பிடும்போது பிராக்கெட்டை விழுங்கிவிட்டான்.

இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. இல்லையென்றால் பெரும்பாலும் சில நாளில் தானாக வெளியேறிவிடும். எதற்கும் டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள்.

ரீடெய்னரை வெந்நீரில் கழுவினேன், வளைந்துவிட்டது.

வளைந்ததை மாட்டாதீர்கள். புதிதுக்கு இந்த வாரமே அளவு கொடுங்கள், தாமதித்தால் பல் நகர ஆரம்பிக்கும். புதியதைப் பச்சைத் தண்ணீரிலும் மென்மையான பிரஷ்ஷிலும் மட்டும் கழுவுங்கள்.